கோவளத்துக்கு எடுத்துப்போன துணி கிளிப்புகள்

எங்கள் வீட்டுக் குக்கரின் விசில் ஆறு வருஷமாக அலமாரியில் கடுகு டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. தொலைந்து போகவில்லை, உடையவும் இல்லை. நான்தான் ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி அங்கே வைத்தேன். சோற்றை வடித்துவிடுவேன். பருப்பை முந்தின நாளே ஊறப்போட்டுத் திறந்த பாத்திரத்தில் வேகவைப்பேன். காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தோம். மிக்ஸி காலை ஆறரைக்குள் ஓடி முடிந்துவிட வேண்டும்.

என் கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு கம்பெனியில் மிஷின் பார்க்கிறவர். மூன்று வாரத்தில் ஒரு வாரம் நைட் ஷிப்ட் என்பது நோட்டீஸ் போர்டில் எழுதியிருப்பது. ஆள் போதாமல் அது பெரும்பாலும் இரண்டு வாரமாகிவிடும். காலை ஏழு மணிக்கு வந்து, நாஷ்டா சாப்பிட்டு, எட்டு மணிக்குப் படுத்தால் மூன்று மணிவரை தூங்கியாக வேண்டும். எங்களுடையது ஒற்றைப் படுக்கையறை உள்ள வாடகை வீடு. மற்ற மூன்று பேரும் அந்த ஏழு மணி நேரம் வீட்டில் இல்லாத மாதிரி இருக்க வேண்டும்.

இதைக் கேட்டு அவரைக் கொடுமைக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சத்தம் போடாதீர்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் நான். மூத்தவள் நாலு மாதக் குழந்தையாக இருந்தபோது வயிற்றுவலியில் பகல் பூராவும் கத்துவாள். நாலு நாள் தொடர்ந்து அவர் கண்ணை மூடவில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலையில் மிஷின் அவருடைய இடது கை மோதிர விரலில் ஒரு கணுவை எடுத்துக்கொண்டது. "தூக்கத்துனால இல்ல, கிளவுஸு மாட்டிக்கிச்சு" என்று இன்றுவரை சொல்கிறார். நான் நம்பவில்லை. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே விசிலைக் கழற்றிவிட்டேன்.

பிள்ளைகள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். பெண்ணுக்கு இப்போது ஆறு வயது, பையனுக்கு மூன்றரை. இந்த அறையிலிருந்து அந்த அறைக்குக் கூப்பிடும் வழக்கமே எங்களுக்கு இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து கையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். டிவியில் கார்ட்டூன் சத்தமில்லாமல் ஓடும், அதைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரிப்பார்கள். பையன் அழும்போது வாய் முழுக்கத் திறந்திருக்கும், கண்ணீர் கொட்டும், தொண்டையிலிருந்து ஒன்றும் வராது. பக்கத்து வீட்டம்மா, "இன்னா மாதிரி வளத்துகிற நீ, புள்ளைங்க இருக்கறதே தெர்ல" என்பார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ரொம்பவே பெருமையாக இருக்கும்.

அந்தப் பெருமைக்குப் பெண்ணின் பள்ளிக்கூடத்தில்தான் அடி விழுந்தது. பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது வகுப்பு டீச்சர் என்னைத் தனியாக நிறுத்தி, "உங்க பொண்ணு நல்லா எழுதுறா. ஆனா பாட்டு ஒப்பிக்கச் சொன்னா உதடுதான் அசையுது, சத்தமே வர்றதில்ல. விளையாட விட்டாலும் பசங்க கத்துவாங்க, இவ நின்னு பாத்துகினு இருப்பா. காதை ஒரு வாட்டி டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்றார். திருவள்ளூர்வரை கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினோம். காதும் தொண்டையும் மணி மாதிரி இருக்கின்றன என்றார் அவர். அடுத்த முறை டீச்சரிடம் அதைச் சொன்னேன். அவர், "வீட்ல யாராச்சும் உடம்புக்கு முடியாம படுத்துகினு இருக்காங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம், "உனுக்குக் கத்தணும்னு தோணாதா?" என்றேன். ஆட்டோ டிரைவரின் முதுகைக் காட்டி உதட்டில் விரல் வைத்தாள். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிற முன்பின் தெரியாத ஆளுக்குக்கூடச் சத்தம் ஆகாது என்று என் பெண் பழகியிருக்கிறாள்.

அன்றைக்கு முடிவு செய்ததுதான் இந்தப் பயணம். ஐந்து நாள் எங்கேயாவது கடற்கரைக்குப் போக வேண்டும். பிள்ளைகள் தொண்டை கட்டும்வரை கத்த வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் எவ்வளவு கத்தினாலும் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. கூடவே ஒரு பெரிய ஊரும் இருந்தால் மிருகக்காட்சி சாலை, பார்க், ஐஸ்கிரீம் என்று ஒரு நாள் சுற்றலாம். அவரிடம் சொன்னேன். சட்டைப் பித்தானை அவிழ்த்துக்கொண்டே, "கடலா? பழவேற்காடு இங்கதான கீது. ஒரு பஸ்ஸு" என்றார்.

"பழவேற்காட்டுக்குப் போனா ரெண்டு மணிக்கே வாட்ச்சப் பாப்பீங்க. ஊட்டுக்கு வந்து தூங்கணும், ஷிப்டு கீதும்பீங்க. திரும்பி வர முடியாத தூரத்துக்குப் போணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டீச்சர் சொன்னதை நான் அவரிடம் பாதிதான் சொல்லியிருந்தேன். காது நன்றாக இருக்கிறது என்கிற பாதி. மற்ற பாதியைக் கேட்டால் அவர் தூக்கமே போய்விடும் என்று விட்டுவிட்டேன். இதிலும் அவர் தூக்கம்தான் முதலில் வந்து நின்றது.

ஊர் ஊராய்த் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. என் தங்கை திருநின்றவூரில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு, தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவள். இரண்டு தடவை வெளிநாடு போய் வந்தவள் என்பதால் இந்த விஷயத்தில் அவள்தான் எனக்குக் கலெக்டர். ரயிலில் உட்கார்ந்துகொண்டே லங்காவி, ஃபூக்கெட், மாலத்தீவு என்று படம் படமாக அனுப்பினாள். நீலத் தண்ணீர், வெள்ளை மணல், அதில் குழந்தை குட்டி இல்லாத இரண்டு பேர். எங்கள் நாலு பேரில் யாருக்கும் பாஸ்போர்ட் கிடையாது. "அந்தமான் போலாங்க்கா, அதுக்குப் பாஸ்போர்ட்டு வாணாம்" என்றாள். விமானத்தில் பையனுக்குக் காது அடைத்தால் என்ன செய்வது, வாந்தி எடுத்தால் யார் துடைப்பது என்று கேட்டேன். "அப்ப ஊத்துக்கோட்டைக்கே போ, நம்ம ஊட்ல அப்பா நெல்லு காயப் போட்டுகினு இருப்பாரு, பசங்க அதுல வெளையாடட்டும்" என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

கோவா அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கே குடிக்கத்தான் போவார்கள் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். விசாகப்பட்டினத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. கடைசியில் கோவளம் என்று ஆனது. சென்ட்ரலில் சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் மதியத்துக்குள் திருவனந்தபுரம். அங்கிருந்து கடற்கரை கொஞ்ச தூரம்தான். மூன்று நாள் கடல், ஒரு நாள் நகரம். தென்னை மரம், அலை, மிருகக்காட்சி சாலை, எல்லாம் உண்டு. பெண்ணுக்கு நீர்யானை பார்க்க வேண்டுமாம். காதோரமாக வந்து சொன்னாள்.

பிறகு லீவு. கம்பெனியில் ஐந்து நாள் சேர்ந்தாற்போல லீவு வேண்டுமென்றால், அந்த ஐந்து நாளும் தன் மிஷினில் யார் நிற்பார்கள் என்று எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். சும்மா யார் கையெழுத்துப் போடுவார்கள்? நீ எனக்கு வருகிறாயா, நான் உனக்கு முன்கூட்டியே வந்து கழிக்கிறேன் என்கிற பேச்சு. மாத்து டூட்டி என்பார்கள். இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் வேண்டாதது நைட் ஷிப்ட்தான். அதனால் ஏப்ரல் கடைசியில் இரண்டரை வாரம் இவர் ஒரே நைட்டாகப் போனார். வார விடுமுறையையும் விட்டுக்கொடுத்தார்.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த சமயம் அது. இரண்டு பிள்ளைகளும் பகல் முழுக்க வீட்டில். கத்துவதற்காகப் போட்ட திட்டத்துக்காக, எங்கள் வீட்டிலேயே மிக நீளமான மௌனத்தை அந்த இரண்டரை வாரம் கடைப்பிடித்தோம். வெயில் கொளுத்தியது. ஜன்னலைச் சாத்தி, மெத்தை விரிப்பைத் தொங்கவிட்டு, மூன்று பேரும் ஹாலில் தரையில் படுத்துக் கிடப்போம். பையன் கடலைப் பற்றிக் கேள்வி கேட்பான். எத்தனை பெரிசு, யார் தண்ணி ஊத்தினது, அதற்கு மூடி இருக்கிறதா. எல்லாம் குசுகுசுவென்று. நான் பதில் சொல்லி அலுத்துப் போவேன். சில நாள், "போதும்டா, வாய மூடு" என்றுகூடச் சொன்னேன். ஏற்கனவே மூடியிருந்த வாய்.

ஹோட்டல் பிடித்தது அந்த நாள்களில்தான். ஃபோனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, பாத்ரூமுக்குள் நின்று, தணிந்த குரலில் ஒவ்வொரு இடமாகக் கேட்டேன். ரூம் ரோட்டைப் பார்த்து இருக்கிறதா, உள்பக்கமா. பகலில் சத்தம் இருக்குமா. ஜன்னலுக்குக் கனமான திரை உண்டா, வெளிச்சம் உள்ளே வருமா. மூன்றாவது இடத்தில் பேசியவர் மலையாளம் கலந்த தமிழில், "நல்ல அமைதியான இடம் மேடம். ஆயுர்வேத சிகிச்சைக்கு வர்றவங்கதான் இங்கே கூடுதல். ஒரு ஒச்சை, ஒரு சத்தம் கேக்காது" என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்து போனது. அங்கேயே ரூம் போட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் தங்கை கேட்டாள்: "ஸ்விம்மிங் பூல் கீதாக்கா?"

"கேக்கல."

"ரூம்லேர்ந்து கடலு தெரியுமா?"

"பின்பக்கத்து ரூமு. கடலு சத்தம்கூட வராதாம்."

"நீ லீவுக்குப் போறியா, ஆஸ்பத்திரில சேரப் போறியாக்கா?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியார் இல்லாத வீட்டில் இவள் ஒரு மாமியார் என்று நினைத்துக்கொண்டு ஃபோனை வைத்தேன். அவள் என்ன சொன்னாள் என்று அப்போதுகூட நான் யோசிக்கவில்லை.

மூட்டை கட்டுவதற்கு ஒரு வாரம் ஆனது. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். காய்ச்சல் மருந்து, வாந்தி மாத்திரை, உப்புச்சர்க்கரைப் பொட்டலம், இரண்டு பேருக்கும் நாலு நாலு ஜோடி உடுப்பு, மழை வந்தால் ஸ்வெட்டர், ரயிலுக்குப் புளிசாதம், துணி காயப்போடக் கயிறு, பையனின் பிளாஸ்டிக் வாளி. பட்டியலை எழுதிக்கொண்டே போவேன். நடுவில் பையன் வாளியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். திரும்ப எடுத்து வைப்பேன். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கத்து சீட் என்று மூன்று நாள் ஊமைச் சண்டை நடந்தது. போய்ச் சேருவதற்குள்ளேயே எனக்கு லீவு வேண்டும்போல் இருந்தது.

கிளம்பும் நாளில் அவர் காலை ஏழுக்கு வந்து, இரண்டு மணிவரை தூங்கி, எழுந்து குளித்து, பெட்டியைத் தூக்கினார். கும்மிடிப்பூண்டியிலிருந்து லோக்கல் ரயிலில் சென்ட்ரல். அங்கே திருவனந்தபுரம் வண்டி. பிள்ளைகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தார்கள். எதிர் சீட்டில் இருந்த பெரியவர், "தங்கமான புள்ளைங்க" என்றார். நான் சிரிக்கவில்லை.

ஹோட்டல் சுத்தமாகத்தான் இருந்தது. எண்ணெய் வாசனை, துளசிச் செடி, வெள்ளை உடுப்பில் மெல்ல நடக்கிற ஆள்கள். வரவேற்பு மேஜைக்கு மேல் ஒரு பலகை மாட்டியிருந்தது. எழுத்து மலையாளத்தில். அதற்குப் பக்கத்தில், உதட்டில் விரல் வைத்த ஒரு முகத்தின் படம். என் பெண் அதை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என் கையில் இரண்டு தட்டுத் தட்டி, குனிந்த என் காதில் கேட்டாள்: "இங்க யாருக்கும்மா நைட் ஷிப்டு?"

சாவியை வாங்கிக்கொண்டு அறைக்குப் போனோம். அவர், "ஒரு அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிக் கட்டிலில் சாய்ந்தார். நான் பையைத் திறந்து, அடியில் கைவிட்டு, துணி கிளிப்புகளை எடுத்தேன். ஆறு கிளிப். திரையின் இரண்டு பக்கத்தையும் நடுவில் சேர்த்து, வெளிச்சம் வராமல், மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாய் மாட்டினேன். எங்கள் வீட்டு ஜன்னலில் தினமும் செய்கிற வேலை. ஐந்தாவது கிளிப்பை மாட்டும்போதுதான் என் கையை நானே பார்த்தேன்.

காலண்டரில் கிளிப் என்று எழுதவே இல்லை. எப்போது எடுத்துப் பையில் போட்டேன் என்றும் நினைவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் தூங்கிவிட்டிருந்தார். பிள்ளைகள் இரண்டும் தரையில் எதிரெதிராக உட்கார்ந்து கலர் பென்சிலை எடுத்துக்கொண்டிருந்தன, பெட்டியின் மூடி சத்தம் போடாதபடி இரண்டு கையாலும் பிடித்துத் திறந்து. எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து, என் வீட்டையே நான் இங்கே இன்னொரு தடவை கட்டியிருக்கிறேன். ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் என்மேல்தான். கிளிப்புகளைப் பிடுங்கிப் பையில் எறிந்தேன். "எழுந்திரிங்க, கடலுக்குப் போலாம்" என்று அவரை உலுக்கினேன்.

பாவம், எழுந்து வந்தார். வாடகைக் குடை ஒன்றைப் பிடித்து, அதன் கீழே போர்வையை விரித்துக் கொடுத்தார். பிள்ளைகளை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு போய் அலையில் காலை நனைக்க வைத்தார். வந்து போர்வையில் உட்கார்ந்தார். நான் அப்பக்கம் திரும்பி இப்பக்கம் திரும்புவதற்குள் படுத்துத் தூங்கிப் போனார். இரண்டரை வாரத் தூக்கம், அது எங்கே போகும்?

பிள்ளைகள் மணலில் விளையாடினார்கள். சுற்றிலும் எத்தனையோ குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். இவர்கள் மட்டும் வாளியில் மணலை நிரப்பி, கவிழ்த்து, திரும்ப நிரப்பி, ஊமைப்படம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கத்துங்கள் என்று எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷமாகக் கத்தாதே என்பதற்குத்தான் வார்த்தை வைத்திருந்தேன். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆரஞ்சுப் பழம் உரிக்க உட்கார்ந்தேன்.

கையில் இரண்டு தட்டு விழுந்தது. பழம் கேட்கிறாள் என்று நினைத்து, "இரு, உரிக்கிறேன்ல" என்றேன். மறுபடியும் இரண்டு தட்டு, கொஞ்சம் அழுத்தமாக. நிமிர்ந்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. கை கடலைக் காட்டியது. பையனின் ஒரு செருப்பு அலையில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதை எடுக்க அவன் போய்க்கொண்டிருந்தான். தண்ணீர் அவன் மார்புவரை வந்துவிட்டது.

நான் ஓடியது எனக்கு நினைவில்லை. அடுத்த அலை அவனைக் கவிழ்த்தது. முடியைத்தான் பிடித்தேன். பிடித்த பிடியில் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தேன். இருமினான், உப்புத் தண்ணீரைத் துப்பினான், வாயைத் திறந்து அழுதான். அப்போதும் சத்தமில்லை. யாரோ ஒருவர் ஓடிவந்து முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெண் பின்னாலேயே வந்து நின்றாள். அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "ஏன்டீ கத்தல? தம்பி தண்ணில போறான், அங்கேர்ந்தே கத்த வேணாமா? நடந்து வந்து தட்டிகினு நிக்கிற?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேற்றாள் குரலாக இருந்தது. கரையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் குடையின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு வழக்கம்போலக் குசுகுசுவென்று சொன்னாள்: "அப்பா தூங்குறாரும்மா."

அவர் அப்போது தூங்கிக்கொண்டிருக்கவில்லை. என் சத்தத்தில் எழுந்து, எங்களுக்கு நாலடி தூரத்தில் வந்து நின்றிருந்தார். அவள் சொன்னது அவருக்குக் கேட்டது. ஈரமாக இருந்த பையனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அறைக்குத் திரும்பும்வரை இறக்கிவிடவில்லை. அங்கே வைத்து, டீச்சர் சொன்ன மற்ற பாதியையும் அவரிடம் சொல்லிவிட்டேன். "எங்கிட்ட ஏன் அப்பவே சொல்லல?" என்றார். "தூங்க மாட்டீங்கன்னுதான்" என்றேன்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் அவர் பெண்ணைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பையனைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். அவளை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, அவர் அலை ஓரமாக ஐம்பது அடி நடந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "அங்கேர்ந்து என்னைக் கூப்புடு. கேட்டாத்தான் திரும்புவேன்" என்றார்.

அவள் உதட்டை அசைத்தாள். அவர் திரும்பவில்லை. மறுபடி அசைத்தாள், கழுத்து நரம்பு தெரிந்தது. அவர் திரும்பவில்லை. மூன்றாம் முறை கண்ணை இறுக மூடிக்கொண்டு கூப்பிட்டாள். அவர் திரும்பி, "கேட்டுச்சு" என்று சொல்லி ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டார். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் நின்ற எனக்கே அவள் கூப்பிட்டது கேட்கவில்லை.

அதன்பிறகு திட்டப்படியே எல்லாம் நடந்தது. இரண்டு நாள் கடலில் கால் நனைத்தோம், பையனின் கையை யாராவது ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டு. ஒரு நாள் திருவனந்தபுரம் போனோம். நீர்யானை முதுகை மட்டும் காட்டியது. அங்கேயும், மிருகங்களைச் சத்தம் போட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று ஒரு படம் மாட்டியிருந்தது. அவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஐஸ்கிரீம் பாதி பையனின் சட்டையில். கால்வலி, உடம்பு வலி, மணல் எல்லாப் பையிலும். ஃபோட்டோவில் நான் எங்குமே சிரிக்கவில்லை என்று தங்கை பிறகு சொன்னாள்.

திரும்பும் ரயிலில் பிள்ளைகள் தூங்கியதும் அவர், "குக்கர் விசிலை எங்க வெச்சிகிற?" என்று கேட்டார். அதை நான் எடுத்து ஒளித்து வைத்திருப்பது அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. கடுகு டப்பாவுக்குப் பின்னால் என்றேன். "எடுத்துப் போடு" என்றார். நான் அவர் விரலைப் பார்த்தேன். "அது கிளவுஸுனால ஆனதுன்னு எத்தினி வாட்டி சொல்றது" என்று கையை மடியில் மடக்கி வைத்துக்கொண்டார்.

வந்த வாரமே நைட் ஷிப்ட். முதல் இரண்டு நாள் எனக்குத் துணிச்சல் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். பத்து மணி வாக்கில் பருப்பைக் குக்கரில் போட்டு, கைக்குட்டையைப் பிரித்து, விசிலை மாட்டினேன்.

முதல் விசில் வந்ததும் பையன் ஓடிவந்து என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பெண் ஹாலிலிருந்து வந்தாள். கையில் இரண்டு தட்டுத் தட்டிக் குக்கரைக் காட்டினாள். நான் கையை நகர்த்திக்கொண்டேன். "வாயால சொல்லு" என்றேன். அவள் படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"எத்தினி விசிலு வந்துச்சு?"

அவள் அசையாமல் நின்றாள். அப்புறம், "ஒண்ணு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"கேக்கலயே."

"ஒண்ணுப்பா."

இரண்டாவது விசிலுக்கு அவர் கேட்டார், அவள் ஹாலில் இருந்தே சொன்னாள். மூன்றாவதுக்கு அவர் கேட்கவே இல்லை. "மூணுப்பா, மூணு வந்திச்சு" என்று அவள் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டம்மா மதில்மேல் தலையை நீட்டிப் பார்த்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டேன். பையன் விடவில்லை. நாலு, அஞ்சு, ஒம்பது என்று வராத விசிலையெல்லாம் எண்ணி வீட்டைச் சுற்றி ஓடினான். ஒவ்வொன்றுக்கும் உள்ளேயிருந்து, "சரி", "சரி" என்று பதில் வந்தது. மதியம்வரைக்கும் வந்துகொண்டே இருந்தது.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. அவர் அன்று கண்ணை மூடவே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஷிப்டுக்குக் கிளம்பும்போது கண் சிவந்து இமை வீங்கியிருந்தது. முகத்தில் இரண்டு தடவை தண்ணீர் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். பெண் வாசலில் நின்று தெருமுனைவரைக்கும் கேட்கும்படி, "அப்பா, டாட்டா" என்று கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்காமல் இடது கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே போனார். வண்டி திரும்பி மறையும்வரை நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.